நெல் குடிக்கும் தண்ணீர் எவ்வளவு? எக்செல்லில் கணக்குப் போடுவோம்!

எக்செல் என்றதும் சம்பளப் பட்டியலும் மாணவர்களின் மார்க் லிஸ்ட்டும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, "கட்டம் கட்டமாக என்னமோ இருக்கிறது" என்று மூடிவிடுவதும் உண்டு. நம் ஊரில் அன்றாடம் நடக்கும் ஒரு வேலையை எடுத்துக் கொண்டு, அதற்கு ஒரு ஷீட் தயாரித்துப் பார்த்தால் அந்தக் கட்டங்களின் அருமை புரிந்துவிடும். இம்மாதப் பாடத்துக்கு மண்ணச்சநல்லூரை எடுத்துக் கொள்வோம்.

திருச்சியிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, நம்பர் 1 டோல்கேட் வழியாகத் துறையூர் சாலையில் போனால் மண்ணச்சநல்லூர். பெயரைச் சொன்னதுமே பொன்னி அரிசியும் அரிசி ஆலைகளும் நினைவுக்கு வரும் ஊர். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊற வைத்து, ஆவியில் அவித்து, காய வைத்து, பிறகுதான் அரைக்கிறார்கள். இதில் தண்ணீர் நான்கு இடங்களில் கணக்குக்கு வருகிறது. தொட்டியில் விடுகிறோம். நெல் கொஞ்சம் குடிக்கிறது. மிச்சம் வடிந்து வெளியே போகிறது. குடித்தது பிறகு களத்திலோ டிரையரிலோ காற்றில் போய்விடுகிறது. ஒவ்வொன்றும் எத்தனை லிட்டர்? இது தெரிந்தால்தான் தொட்டி எவ்வளவு பெரிதாகக் கட்டுவது, போர்வெல் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது, கழிவு நீருக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்று முடிவு செய்ய முடியும். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு மூட்டை நெல்லை அவிப்பவர்களுக்கும் இதே கணக்குதான். அளவு மட்டும் சிறியது.

முதலில் ஒரு பொறி இருக்கிறது. அதைத் தெரிந்து கொண்டு ஷீட்டுக்குப் போவோம்.

காய்ந்த நெல்லின் ஈரப்பதம் 14 சதவீதம் என்று வைத்துக் கொள்ளுங்கள். நன்றாக ஊறிய நெல்லில் அது சுமார் 30 சதவீதம். ஒரு டன் நெல் எவ்வளவு தண்ணீர் குடித்தது? "30-ல் 14 போனால் 16. ஆயிரம் கிலோவில் 16 சதவீதம் 160 லிட்டர்" என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். சரியான விடை ஏறக்குறைய 229 லிட்டர்.

ஏன் இந்த வித்தியாசம்? ஈரப்பதம் என்பது மொத்த எடையில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது. 14 சதவீதம் என்றால் 1000 கிலோவில் 140 கிலோ தண்ணீர், 860 கிலோ உலர்ந்த பொருள். ஊறிய பிறகு மொத்த எடையே கூடிவிடுகிறது. ஆகவே 30 சதவீதம் என்பது பழைய 1000 கிலோவில் 30 பங்கு அல்ல, புதிய எடையில் 30 பங்கு. இரண்டு சதவீதமும் வெவ்வேறு எடைகளுக்கு உரியவை. அவற்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. மாறாமல் இருப்பது அந்த 860 கிலோதான். அதைப் பிடித்துக் கொண்டால் கணக்கு தானாக வந்துவிடும். ஊறிய நெல்லில் 70 சதவீதம் உலர் பொருள் என்றால், 860-ஐ 70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க 1228.57 கிலோ. கூடியது 228.57. தண்ணீருக்கு ஒரு கிலோ ஒரு லிட்டர் என்பதால் அதையே லிட்டராகக் கொள்ளலாம்.

இனி கம்ப்யூட்டரைத் திறக்கலாம். எக்செல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் உள்ள கால்க் என்ற புரோகிராமிலும் இதே பார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும். புதிய ஷீட்டில் இடது ஓரமாக இருக்கும் ஏ காலத்தில் பெயர்களையும், அடுத்த பி காலத்தில் எண்களையும் போடப் போகிறோம். இங்கே பி2 என்று அச்சிட்டிருப்பது பி காலமும் இரண்டாவது ரோவும் சந்திக்கும் செல். நீங்கள் டைப் செய்யும்போது அந்த எழுத்தை ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். தமிழ் கீபோர்டு ஆன் ஆகியிருந்தால் பிழைச் செய்திதான் வரும்.

முதல் ரோவில் தலைப்பு கொடுத்துவிட்டு, இரண்டாவது ரோவிலிருந்து கீழ்க்கண்டவாறு டைப் செய்யுங்கள்.

ஏ2: நெல்லின் எடை, கிலோ. பி2: 1000
ஏ3: நெல்லின் ஈரம், சதவீதம். பி3: 14
ஏ4: ஊறியபின் ஈரம். பி4: 30
ஏ5: அவித்தபின் ஈரம். பி5: 32
ஏ6: காய்ந்தபின் ஈரம். பி6: 14
ஏ7: கிலோவுக்கு விடும் தண்ணீர், லிட்டர். பி7: 1.3
ஏ8: சிந்துவது, தொட்டி அடியில் தங்குவது, லிட்டர். பி8: 30

கவனிக்க: 14 என்று மட்டும் போடுங்கள். சதவீதக் குறி சேர்த்தால் எக்செல் அதை 0.14 என்று எடுத்துக் கொள்ளும். பிறகு எல்லா விடையும் தப்பாக வரும். "கிலோ", "லிட்டர்" என்ற சொற்களும் பி காலத்தில் வரக் கூடாது. எழுத்து கலந்த செல்லை எக்செல் எண்ணாக மதிக்காது. அலகை ஏ காலத்தில் பெயரோடு சேர்த்து எழுதியது அதனால்தான்.

இந்த ஏழும் நாம் கொடுக்கும் அளவுகள். பி2 முதல் பி8 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து, லேசான மஞ்சள் வண்ணம் கொடுத்துவிடுங்கள். மஞ்சளைத் தவிர வேறெங்கும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வைக்கலாம். ஒன்பதாவது ரோவைக் காலியாக விட்டுவிட்டுப் பத்திலிருந்து பார்முலாக்கள். ஒவ்வொன்றையும் சமக்குறியுடன் தொடங்க வேண்டும்.

ஏ10: உலர் பொருள். பி10: =பி2*(100-பி3)/100
ஏ11: ஊறிய நெல்லின் எடை. பி11: =பி10*100/(100-பி4)
ஏ12: நெல் குடித்த நீர். பி12: =பி11-பி2
ஏ13: தொட்டியில் விட்ட நீர். பி13: =பி2*பி7
ஏ14: வடியும் நீர். பி14: =பி13-பி12-பி8
ஏ15: அவித்த நெல்லின் எடை. பி15: =பி10*100/(100-பி5)
ஏ16: ஆவியிலிருந்து சேர்ந்த நீர். பி16: =பி15-பி11
ஏ17: காய்ந்த நெல்லின் எடை. பி17: =பி10*100/(100-பி6)
ஏ18: காற்றில் போன நீர். பி18: =பி15-பி17
ஏ19: சரிபார்ப்பு. பி19: =பி2+பி13+பி16-பி8-பி14-பி17-பி18

என்டர் தட்டியதும் விடைகள் வந்து நிற்கும். தசம இடங்கள் நீளமாக இருந்தால் ஹோம் டேபில் உள்ள டிக்ரீஸ் டெசிமல் பட்டனைத் தட்டிக் குறைத்துக் கொள்ளுங்கள். உலர் பொருள் 860, நெல் குடித்தது 228.57, தொட்டியில் விட்டது 1300, வடிவது 1041.43, ஆவியில் சேர்ந்தது 36.13, காற்றில் போனது 264.71 என்று வர வேண்டும். காய்ந்த நெல் மறுபடி 1000 கிலோவுக்கே வந்துவிடும். முதலிலும் 14, கடைசியிலும் 14 என்று கொடுத்திருக்கிறோம் அல்லவா?

சரிபார்ப்பு செல்லில் பூஜ்யம் வர வேண்டும். சில சமயம் 2.27ஈ-13 என்பது போல விசித்திரமாக ஏதாவது வரலாம். பயப்பட வேண்டாம். கம்ப்யூட்டர் எண்களை இரும எண்களாக வைத்துக் கணக்கிடுவதால் கடைசி இடத்தில் ஏற்படும் மிக நுண்ணிய மிச்சம் அது. பூஜ்யம் என்றே கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். பூஜ்யம் வந்தால் நீங்கள் பார்முலாவைச் சரியாக டைப் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவே. மஞ்சள் செல்களில் போட்ட அளவு உங்கள் தொட்டிக்குப் பொருந்துமா என்பதை எக்செல் சொல்லாது. அதற்கு வாளியும் தராசும் வேண்டும்.

1.3 எங்கிருந்து வந்தது?

பி7-ல் போட்ட 1.3 என்பது புழுங்கல் ஆலைகளில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இதைக் கண்ணை மூடிக் கொண்டு ஏற்க வேண்டியதில்லை, வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். பத்து லிட்டர் வாளியில் தலை தட்டி நெல் நிரப்பி எடை போடுங்கள். ஐந்தே முக்கால் கிலோவை ஒட்டி இருக்கும். பிறகு லிட்டர் அளவையால் தண்ணீரை மெதுவாக ஊற்றி, நெல்லின் மேல்மட்டத்துக்கு வரும்போது நிறுத்துங்கள். ஏறக்குறைய ஐந்து லிட்டர் இறங்கியிருக்கும். நெல் நிரம்பிய வாளியில் பாதி இடம் காற்றுதான்!

5-ஐ 5.75-ஆல் வகுத்தால் 0.87. அதாவது நெல்லின் இடுக்குகளை நிரப்ப மட்டும் கிலோவுக்கு 0.87 லிட்டர் தேவை. ஊறும்போது நெல் குடிப்பது 0.23. இரண்டும் சேர்ந்து 1.1 ஆகிறது. நெல் உப்பி மேலே எழும்பினாலும் முழுகியே இருக்க வேண்டும் என்பதற்காக 0.2 கூட்டினால் 1.3. இந்த 0.2-தான் தொட்டிக்குத் தொட்டி மாறும். அகலமான தொட்டியில் மேலே நாலு விரல் தண்ணீர் நிற்க நிறைய லிட்டர் வேண்டும். குறுகி உயர்ந்த தொட்டிக்குக் கொஞ்சம் போதும்.

இப்போது பி7-ஐ 1.2 ஆக மாற்றி என்டர் தட்டிப் பாருங்கள். விட்ட நீர் 1200 ஆகிறது. நெல் குடித்தது அதே 228.57-தான். வடியும் நீர் மட்டும் 1041-லிருந்து 941-க்கு இறங்கிவிடுகிறது. நெல் தன் பங்குக்கு மேல் குடிக்காது. ஆகவே தொட்டியில் கூடுதலாக விடும் ஒவ்வொரு லிட்டரும் முழுசாகக் கழிவு நீராகத்தான் வெளியே வருகிறது. நாளைக்குப் பத்து டன் அவிக்கும் ஆலையில் 1.3-க்கும் 1.2-க்கும் உள்ள வித்தியாசம் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர். வருஷத்தில் 300 நாள் ஓடினால் மூன்று லட்சம் லிட்டர். நிலத்தடியிலிருந்து எடுக்கும் தண்ணீரிலும் மூன்று லட்சம் மிச்சம், நிறமும் வாடையும் ஏறிய கழிவிலும் மூன்று லட்சம் குறைவு. அதற்காக 1.1-க்குக் கீழே போய்விடக் கூடாது. மேலே இருக்கும் நெல் முழுகாமல் போனால் அரைகுறையாக ஊறி, அவித்த பிறகும் அரிசியின் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும்.

ஊறும் நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஊற வைப்பது பழைய முறை. நேரம் நீள நீள நெல் புளித்து வாடை அடிக்கும். அதனால் இடையில் தண்ணீரை மாற்றுவார்கள். அப்படி ஒருமுறை மாற்றினால் இன்னொரு டன்னுக்கு மேல் தண்ணீர் கழிவுக் கணக்கில் சேரும். 65 முதல் 70 டிகிரி சூட்டில் ஊற வைத்தால் மூன்று, நான்கு மணி நேரம் போதும் என்ற வெந்நீர் முறையை வகுத்தது மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம். நம் பக்கத்தில் திருவாரூரில் தொடங்கிப் பிறகு தஞ்சாவூருக்கு வந்த நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமும் புழுங்கல் முறைகளில் நிறைய வேலை செய்திருக்கிறது. அது வளர்ந்து 2021 முதல் நிஃப்டெம் என்ற தேசிய நிறுவனமாக இயங்கி வருகிறது. வெந்நீர்த் தொட்டி திறந்திருந்தால் மேலிருந்து ஆவியாகவும் கொஞ்சம் போகும். அதையும் பி8-ல் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பி8 உண்மையில் என்ன என்பதை அறிய ஒரே வழி, வடியும் தண்ணீரை ஒருமுறை அளப்பதுதான். ஷீட் 1041 என்கிறது, நீங்கள் பிடித்து அளந்தபோது 980 லிட்டர்தான் வந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள். மீதி 61 லிட்டர் நெல்லின் மேல் ஒட்டியிருக்கலாம், ஆவியாகியிருக்கலாம், தொட்டியில் எங்காவது கசிவும் இருக்கலாம். பி8-ஐ 91 ஆக்கிவிட்டால் ஷீட் உங்கள் தொட்டிக்குப் பொருந்திவிடும். அடுத்த ஊறலிலும் அளந்து பாருங்கள். திடீரென்று அந்த எண் ஏறினால் தொட்டியைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

மஞ்சள் செல்களில் மிகவும் பணம் பேசுவது பி3. அரசு நேரடி கொள்முதல் நிலையங்களில் நெல்லுக்கு 17 சதவீதம் வரை ஈரம் என்பது வழக்கமான வரம்பு என்று விவசாயிகளுக்குத் தெரியும். பி3-ல் 17 போடுங்கள். பி17-ஐப் பாருங்கள்: காய்ந்த நெல் 965.12 கிலோ. டன்னுக்கு 35 கிலோ எடை, நெல் விலைக்கு வாங்கிய தண்ணீர்! இங்கும் "17-ல் 14 போனால் 3, ஆக 30 கிலோ" என்று வாய்க்கணக்குப் போட்டால் டன்னுக்கு ஐந்து கிலோ பிசகும். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இந்த ஐந்து கிலோ தெரிந்திருப்பது நல்லது. நடைமுறையில் பதர், தூசி, ஊறும்போது கரைந்து போகும் பொருள் எல்லாம் கழிந்து இன்னும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும்.

பார்த்த பிறகு பி3-ஐ 14-க்கும், பி7-ஐ 1.3-க்கும், பி8-ஐ 30-க்கும் திரும்ப மாற்றிவிட்டுத் தொடருங்கள்.

தலைகீழாகக் கேட்பது எப்படி?

இதுவரை நெல்லைச் சொல்லித் தண்ணீரைக் கேட்டோம். சில சமயம் கேள்வி தலைகீழாக வரும். கழிவு நீர்த் தொட்டி 900 லிட்டர்தான் பிடிக்கும் என்றால் ஒரு தடவையில் எவ்வளவு நெல் ஊறப் போடலாம்? பி2-ஐ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். எக்செல்லில் டேட்டா டேபைத் திறந்து, வாட் இஃப் அனாலிசிஸ் என்பதைக் கிளிக் செய்து, வரும் மெனுவில் கோல் சீக்கைத் தேர்ந்தெடுங்கள். சிறிய விண்டோ ஒன்று வரும். செட் செல் என்ற இடத்தில் பி14, டு வேல்யூ என்ற இடத்தில் 900, பை சேஞ்சிங் செல் என்ற இடத்தில் பி2 கொடுத்து ஓகே தட்டுங்கள். பி2-ல் 868 வந்து நிற்கும். லிப்ரே ஆபீஸில் கோல் சீக் டூல்ஸ் மெனுவில் இருக்கிறது. அங்கே பார்முலா செல், டார்கெட் வேல்யூ, வேரியபிள் செல் என்று பெயர்கள் மட்டும் வேறு. விடையைச் செல்லில் போடட்டுமா என்று கேட்கும், எஸ் கொடுங்கள். வேலை முடிந்ததும் பி2-ஐ 1000-க்குத் திரும்ப மாற்ற மறக்காதீர்கள்.

இந்தத் தலைகீழ்க் கணக்கு நெல்லுக்கு மட்டும் உரியதல்ல. வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிப்பவர்கள் தினமும் போடுவது இதைத்தான். அமெரிக்காவில் 1978-ல் இதற்கு மத்திய அரசின் சட்ட அனுமதி வந்தது. கடைசியில் 20 லிட்டர் வேண்டுமென்றால், ஊறிய பார்லி பிடித்துக் கொள்வது கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டர், கொதிக்கும்போது ஆவியாவது, பாத்திரத்தின் அடி வண்டலில் தங்குவது எல்லாவற்றையும் கூட்டித்தான் முதலில் தண்ணீர் அளக்கிறார்கள். நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ஆகவே நாம் நெல்லோடு நிறுத்திக் கொள்வோம்!

ஆலை வைத்திருப்பவர்கள் பி18-ஐ அலட்சியமாக விடக் கூடாது. அந்த 265 லிட்டரும் வெயிலாலோ நெருப்பாலோ போக வேண்டிய தண்ணீர். களத்தில் காய்ந்தால் செலவு ஆட்கூலி. டிரையர் என்றால் எரிபொருள். நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி என்பதால், ஒரு டன்னுக்கு 200 கிலோ உமி கைவசம் கிடைக்கிறது. பாய்லருக்கு அதையே போடுகிறார்கள். பி5-ஐ 32-லிருந்து 35 ஆக்கினால் பி18 எங்கே போகிறது என்று பாருங்கள்: 323 லிட்டர்! அவிக்கும்போது மூன்று சதவீதம் ஈரம் கூடுதலாக ஏறினால், காய வைக்க வேண்டிய தண்ணீர் 58 லிட்டர் கூடிவிடுகிறது. பார்த்ததும் பி5-ஐ 32-க்கே கொண்டு வந்துவிடுங்கள்.

வீட்டில் அவிப்பவர்களுக்குத் தனி ஷீட் தேவையில்லை. பி2 முதல் பி19 வரை தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் சி கீயை அழுத்திக் காப்பி செய்யுங்கள். பிறகு சி2-ல் கிளிக் செய்து, கன்ட்ரோலுடன் வி கீயை அழுத்துங்கள். பார்முலாவில் இருந்த பி எல்லாம் தானாக சி ஆகிவிடும். எக்செல்லின் மிகவும் பயனுள்ள குணம் இதுதான். ஆலையில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு காலம் என்று இப்படியே அடுக்கிக் கொண்டு போகலாம். சி2-ல் 75, சி8-ல் 2 என்று மாற்றுங்கள். மூட்டை எடை ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் மூட்டையைத் தராசில் வைத்த எடையைப் போடுவதே சரி. 75 கிலோவுக்குத் தண்ணீர் 97.5 லிட்டர், நெல் குடிப்பது 17.14, வடிவது 78.36, காய்ந்து போவது 19.85 என்று வரும். அண்டா எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று பார்க்கும்போது தண்ணீரை மட்டும் எண்ணாதீர்கள். 75 கிலோ நெல் தனியாகவே 130 லிட்டர் இடம் கேட்கும். ஊறும்போது உப்பவும் செய்யும், மேலே கொஞ்சம் தண்ணீரும் நிற்க வேண்டும். ஆகவே 180 லிட்டருக்குக் குறையாத பாத்திரமாகப் பாருங்கள், அல்லது இரண்டாகப் பிரித்து ஊறப் போடுங்கள். வடித்த 78 லிட்டர் சூடாக இருந்தால் ஆறவிட்டுத் தென்னைக்கு ஊற்றிவிடலாம்.

பைலை நெல்கணக்கு என்ற பெயரில் சேவ் செய்து கொள்ளுங்கள். அடுத்த ஊறலின்போது ஈரமானி காட்டும் எண்ணை பி3-லும், வடித்து அளந்ததை வைத்து பி8-லும் மாற்றினால் போதும்.